விட்டுக்கொடுத்த கோரிக்கை

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. கேட்டார்கள், எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டில் தொழிலாளர்களுக்குப் பேச்சுவார்த்தைப் பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள், இந்த எழுபத்தொன்பதாம் வருஷம் ஒரு மலர் போடுகிறார்கள். அதை அச்சடிப்பவர் பாலக்காட்டுத் தாவூத் பாய். என் கதைகளைப் படித்திருக்கும் சொற்பப் பேரில் அவரும் ஒருவர். "முகாமுல படிச்சுட்டுப் போன ஒரு எஸ்டேட்டுப் பொம்பள துரைகூட எதிர உக்காந்து பேசி ஜெயிச்சிருக்காங்க. அத ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுங்க" என்றார். எப்படி முடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வெற்றிக்கதைக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அந்தப் பெண்ணின் பெயர் மதலேனம்மாள். இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். இப்போது முகாமில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் சொல்லவும் வருகிறாள். சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் பேசினாள். முதல் நாள் அவள் சொன்னது மலருக்குத் தாராளமாகப் போதும். மறுநாள் அவளாகவே கூப்பிட்டு மிச்சத்தையும் சொன்னாள். அதனால்தான் கதை இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை.

2

[எழுதி அடித்தது: மலையில் பனி இன்னும் விலகவில்லை. கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு மதலேனம்மாள் —]

தோட்டத்துக் கதைகள் எல்லாம் பனியில்தான் தொடங்குகின்றன. பனி பங்களாவில் இருக்கிறவர்களுக்கு. கொழுந்து பறிக்கிறவளுக்கு அது இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரத் துணி, அவ்வளவுதான்.

[எழுதி அடித்தது: மதலேனம்மாள் பிறவியிலேயே தலைவி. சிறு வயதிலேயே அநியாயத்தைக் கண்டால் —]

இது முழுப் பொய். அவள் வாயே திறக்க மாட்டாள். முகாமுக்கு அவளை அனுப்பியதே அதனால்தான். அங்கிருந்து தொடங்குகிறேன்.

நெருக்கடி நிலைக் காலம். வேலைநிறுத்தம் என்று வாய்விட்டுச் சொன்னால் ஜீப் வரும். கையைக் கட்டிப்போட்ட சர்க்கார், வாயை மட்டும் பழக்கிவிடத் தீர்மானித்தது போலிருக்கிறது. 'முதலாளியும் தொழிலாளியும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும்' என்று ஊர் ஊராகப் பயிற்சி நடந்தது. தோட்டத்துக்கு ஒரு பெண்ணாவது வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தோட்டத்து யூனியன் கன்வீனர் கோயில்பிள்ளை யோசித்தார். பேசுகிற பெண்ணை அனுப்பினால் திரும்பி வந்து தன்னையே கேள்வி கேட்பாள். மதலேனம்மாள் என்றால் போவாள், உட்காருவாள், வருவாள்.

(கோயில்பிள்ளையைக் கெட்டவராக்கிவிட்டால் கதை சுலபமாக நகரும். முயன்று பார்த்தேன், அவர் இடம் கொடுக்கவில்லை. பழைய வேலைநிறுத்தம் ஒன்றில் போலீஸ் அடித்த முழங்கால் அவருக்கு இன்னும் மடங்காது. அப்படிப்பட்டவரை வில்லன் என்று எழுதப் பேனா கூசுகிறது. வெறும் களைத்துப்போன மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

உண்மையில் போயிருக்க வேண்டியவள் சின்னத்தாய். லயத்து வரிசை வீடுகளில் மதலேனம்மாளுக்கு அடுத்த அறை, நடுவில் ஒற்றைச் சுவர். புருஷன் இல்லை, ஒரே மகள். இலை நிறுக்கும் இடத்தில் கங்காணி படிக்கல் பக்கம் கைவைத்து அழுத்தினால், "தராசுல ஒம்ம கைக்கும் சேத்தா கொழுந்து பறிக்கேன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிற வாய் அவளுடையது. ஆனால் சின்னத்தாய் நிரந்தரத் தொழிலாளி இல்லை, டெம்பரரி. நிரந்தரம் ஆக வேண்டிய நாள் நெருங்கும்போது வேலையை நிறுத்துவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் புதிதாகச் சேர்ப்பதுபோல் மறுபடி கூப்பிடுவார்கள். வருஷக்கணக்காக இப்படியே. டெம்பரரிக்கு யூனியனில் இடம் கிடையாது. லயத்து அறையும் துரை கண்ணை மூடிக்கொண்டிருக்கும் வரைதான்.

மதலேனம்மாளுக்கும் சின்னத்தாய்க்கும் இடையே இன்னொன்று இருந்தது. மேற்காட்டில் பறிக்கிற தாய்மார்கள் கைக்குழந்தைகளைக் கீழே, ஆலைப் பக்கத்துக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். பால் கொடுக்க இறங்கி ஏறினால் பறி குறையும். பறி குறைந்தால் கூலி குறையும். ஆகவே பலர் குழந்தையைச் செடியோரம் படங்குத் துணியில் கிடத்திக்கொள்வார்கள். மதலேனம்மாளும் அப்படித்தான் செய்தாள். ஒரு மழைக்காலத்தில் அவளுடைய கடைசிக் குழந்தைக்குச் செடியடியிலேயே காய்ச்சல் கண்டது. கங்காணி அவளை வரிசையை விட்டு நகர விடவில்லை. யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கியவள் சின்னத்தாய். போய்ச் சேரும் முன்பே —

(இதை முடிக்க வேண்டாம் என்று மதலேனம்மாள் சொன்னாள்.)

3

கஞ்சிக்கோட்டில் அவளை முதலில் திணறடித்தது பாடம் அல்ல, காற்று. கணவாய் வழியாக அனல் வீசும் அந்த ஊர்க் காற்றில் உதடு வெடித்தது. இரும்பு ஃபாக்டரி, நூல் மில் என்று வந்திருந்த ஆண்களின் பேச்சு பாதி புரியவில்லை. "ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று ஒருவர் கேட்டபோது, தன் வீட்டை இவருக்கு எப்படித் தெரியும் என்று பயந்துபோனாள். அது வெறும் மரியாதை என்று பிறகு தெரிந்தது. கேட்டவர் காளிச்சாமி, இரும்பு வார்க்கிற இடத்தில் வேலை. நல்ல குரல்.

பாடம் எடுத்தவர் வாஞ்சீஸ்வரன் சார். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், தொழிலாளர் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். சாக்பீஸை விரலிடுக்கில் சிகரெட் போல் பிடித்துக்கொண்டு பேசுவார்.

"குடுக்காம வாங்க முடியாது, கேட்டேளா. அதனால, மேசைக்குப் போறப்போ விட்டுக்குடுக்கறதுக்குன்னே ஒரு கோரிக்கையைக் கையில வச்சுக்கணும். எதிராளி அதைப் பிடுங்கிண்டதும் ஜெயிச்சுட்டதா நினைச்சுப்பான். உமக்கு வேண்டியது அப்போ வந்துடும். அதாக்கும் கூட்டுப் பேரம்."

"துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுப் பேசற மாட்டு யாவாரந்தானுங்களே" என்றார் காளிச்சாமி. எல்லோரும் சிரித்தார்கள். சாரும் மறுக்கவில்லை.

(பேரம் என்ற சொல்லைத் தொழிலாளர் உரிமைக்கு வைத்தது யார் என்று தெரியவில்லை. கத்திரிக்காய்க்கும் அதே சொல்தான். சொல்லை வைத்தவர் யோசித்தாரா, யோசிக்காமலே சரியாக வைத்துவிட்டாரா?)

பிறகு ஒத்திகை. மேசையின் ஒரு பக்கம் காளிச்சாமி, தொழிலாளர் தலைவர். மறுபக்கம் யாரை உட்கார வைப்பது என்று தேடிய சார், மூலையிலிருந்த மதலேனம்மாளைக் கைகாட்டினார். "நீங்கதான் மானேஜர்."

அவளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தாள். காளிச்சாமி கோரிக்கையை முழங்கினார். பதில் இல்லை. காரணங்களைச் சொன்னார். பதில் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டதில் பாதி போதும் என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதியிலும் பாதிக்கு இறங்கியபின் அவர் கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"ஏனுங்கம்மிணி, வாயத் தொறந்து ஏதாச்சும் ஒண்ணு சொல்லிப்போடுங்க."

ஹாலே சிரித்தது. சார் கரும்பலகையில் 'மௌனம்' என்று எழுதிக் கோடு இழுத்தார். "முதல்ல வாய் திறக்கறவன் தோத்தான். இந்த அம்மா படிக்காமலே பாஸ்" என்றார்.

நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த நாளிலிருந்து அவள் அடுத்தவர்கள் பேசக் காத்திருந்தவள். தான் என்ன சொல்லப்போகிறோமோ என்று ஒரு பெரிய ஆள் பயந்து காத்திருந்ததை அன்றுதான் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் அவளால் மறைக்க முடியவில்லை. என்னிடம் சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

4

தோட்டத்தில் கோரிக்கைகள் தயாராயின. எல்லோருக்கும் கம்பளி, மேற்காட்டிலேயே ஒரு பிள்ளைக் கொட்டகை, டெம்பரரி ஆட்களை நிரந்தரமாக்குவது. வேலைநிறுத்தம் செய்ய முடியாத காலத்தில் வெறும் வாயோடுதான் போக வேண்டும். கோயில்பிள்ளை அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"விட்டுக்குடுக்கதுக்குன்னு ஒண்ணு வச்சுக்கிடணும்னு படிச்சிட்டு வந்திருக்கியே, எத வைக்கலாம்?"

அவள் சும்மா இருந்தாள்.

"டெம்பரரிதான் சரி. அவுக நம்ம யூனியன்லயும் இல்ல. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

அப்போதும் அவள் சும்மா இருந்தாள். கஞ்சிக்கோட்டில் கைகொடுத்த மௌனம் அல்ல அது. அதற்கு முன்பே அவளிடம் இருந்தது.

பேச்சுவார்த்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் சின்னத்தாய் சுவரைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தாள். மதலேனம்மாள் முகாமுக்குப் போயிருந்தபோது அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றியவள் சின்னத்தாய்தான். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

"எங்களுக்கும் சேத்துத்தான பேசுவே, மைனி?"

"பேசுவேன்" என்றாள் மதலேனம்மாள்.

5

அந்த ஆபீஸில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எதிரே, தோட்டம் துரை என்று கூப்பிடுகிற மானேஜர், கோட்டயத்துக்காரர். பக்கத்தில் கோயில்பிள்ளை, காலை நீட்டியபடி.

கம்பளிக்கு மானேஜர் உடனே தலையாட்டினார். அப்புறம் கோயில்பிள்ளையை விட்டுவிட்டு நேரே அவளைப் பார்த்தார். தமிழும் மலையாளமுமாகப் பேசினார்.

"கொட்டகை, நிரந்தரம் ரெண்டும் கூடி இந்த வருஷம் பற்றத்தில்லா, முடியாது. ஏதானும் ஒண்ணு. எது வேணும்னு நீங்க பறையுங்க."

அவளுக்குக் கரும்பலகை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். காத்திருந்தாள், காளிச்சாமி போல் இவரும் இறங்கி வருவார் என்று.

மானேஜர் இறங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மேசைமேல் வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். அவசரமே இல்லாதவராக இருந்தார். கோயில்பிள்ளை இருமினார். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. மௌனம் நீள நீள அது தன் கையிலிருந்து நழுவி மேசையின் அந்தப் பக்கம் போய்விட்டதை அவள் உணர்ந்தாள். இனி ஒரு நொடி தாமதித்தாலும் அவர் எழுந்து போய்விடுவார், இரண்டும் போய்விடும் என்று தோன்றியது. மேற்காட்டுச் செடிகளின் அடியில் கிடக்கிற படங்குகள் கண்ணுக்குள் வந்தன.

"கொட்டகை" என்றாள்.

மானேஜர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி."

மலையாளத்தில் இதற்கு ஒத்துதீர்ப்பு என்று பெயர். இரு தரப்பும் ஒத்துப்போய்த் தீர்த்துக்கொள்வது. மதலேனம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

6

கொட்டகை எழும்பியது. தகரக் கூரை, சுவரில் சுண்ணாம்பு, உத்திரத்தில் வரிசையாகத் தொட்டில்கள். அடுத்த மழையில் மேற்காட்டுச் செடியடியில் ஒரு குழந்தைகூடக் கிடக்கவில்லை. பெண்கள் மதலேனம்மாளுக்குக் கதம்ப மாலை போட்டார்கள். 'துரையைப் பேச வைத்தவள்' என்று பக்கத்துத் தோட்டங்களிலும் பேர் பரவியது. பேசியது அவள்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

தாவூத் பாய், உங்கள் மலருக்கான கதை இங்கே முடிகிறது. இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. கீழே கோடு போட்டு, ஒரு பூ அச்சடித்துக்கொள்ளுங்கள்.

7

அந்தக் கொட்டகைக்குக் கல் சுமந்தவர்கள் டெம்பரரி ஆட்கள். சின்னத்தாயும் சுமந்தாள். கட்டி முடிந்ததும் வழக்கம்போல் அவர்களை நிறுத்தினார்கள். இந்தத் தடவை திரும்பக் கூப்பிடவில்லை. கேட்டதற்கு, யூனியனே அந்தக் கோரிக்கையை விட்டுவிட்டதே, இனி எந்த முகாந்திரத்தில் கூப்பிடுவது என்று ஆபீஸில் பதில் சொன்னார்கள். லயத்து அறையையும் காலி செய்யச் சொன்னார்கள்.

சின்னத்தாய் மலை இறங்கிக் கம்பம் பக்கம் போவதென்று முடிவு செய்தாள். அங்கே வயல் வேலை கிடைக்கும். மதலேனம்மாள் போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட உதவினாள். துரையிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்றாள்.

"பேசினது போதும், மைனி."

(இந்த இடத்தில் சின்னத்தாயை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். கத்தவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அந்த வாய்க்குக் கத்தல்தான் பொருத்தம் என்று நினைத்தேன். இரண்டையும் வாசித்துக் காட்டியபோது மதலேனம்மாள் இல்லையென்று தலையசைத்தாள். கத்தியிருந்தால் தனக்குத் தூக்கம் வந்திருக்கும் என்றாள்.)

சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக்கொண்டே சின்னத்தாய் சாதாரணமாகச் சொன்னாள்.

"முந்துன நாளு நீ வந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே கொட்டகையத்தான் சொல்லியிருப்பேன். பிள்ளையத் தூக்கிட்டு எறங்கினவ நான்தான. நீ கேக்கல பாரு."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் வளைவுக்கு நடந்தாள். சாக்கை மதலேனம்மாள்தான் தலையில் தூக்கி வந்தாள். வழியில் சின்னத்தாய் வேறு என்னென்னவோ பேசினாள். ஆட்டுக்குட்டியை யாரிடம் கொடுத்திருக்கிறாள், அடுப்பங்கரைச் சுவரில் எந்த இடத்தில் மழைக்கு ஒழுகும் என்றெல்லாம். பஸ் வந்தது. ஏறினாள்.

8

நெருக்கடி நிலை விலகியபின் கஞ்சிக்கோட்டில் இரண்டாம் முகாம். மதலேனம்மாளை எழுந்து நின்று தன் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். இந்தக் கதையின் ஆறாம் பகுதி வரை சொன்னாள். கைதட்டினார்கள். வாஞ்சீஸ்வரன் சாரும் தட்டினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"எல்லாம் பேஷ். ஆனா ஒண்ணு. அத்தனை பொம்மனாட்டிகள் வேலை பார்க்கற தோட்டத்துல பிள்ளைகளுக்குக் கொட்டகை போட்டுக் குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. அது அவாளோட கடமையாக்கும். எழுதிக் கேட்டா கட்டித்தான் ஆகணும். அதுக்குப் போயி எதையாவது விட்டுக்குடுத்தேளா என்ன?"

சார் கனிவான மனிதர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானம் சொன்னார்.

"உங்க மேல தப்பில்லை. முதல் முகாம்ல சட்டம் எடுக்கலை. சட்டம் ரெண்டாம் முகாம் பாடமாக்கும்."

இன்னும் ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, இதையும் சேர்த்துச் சொன்னார்: "உங்க மானேஜரும் நம்ம மாணாக்கன்தான். நிர்வாகத்துக்காராளுக்கும் இதே ஹால்ல தனியா கிளாஸ் எடுத்தேன். மௌனத்தைப் பத்திச் சொன்னப்போ நன்னாக் கேட்டுண்டான்."

மத்தியானம் யாரும் பார்க்காமல் வெளியே போய் மதில் ஓரம் உட்கார்ந்தாள். காளிச்சாமி வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். முழுக்கதையையும் அவரிடம்தான் முதலில் சொன்னாள்.

"சந்தையிலயும் அப்படித்தானுங்க அம்மிணி. வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் ஒரே தரகன்தான்" என்றார்.

9

இப்போது அவள் பாடம் எடுக்கிறாள். மௌனத்தைப் பற்றித்தான். அதைத்தான் அவளிடம் கேட்கிறார்கள். சட்டத்தை முதல் முகாமிலேயே வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். நேரம் போதாது என்றார்கள். பாடத்தின் கடைசியில், "கையெழுத்துப் போடுததுக்கு முன்னால போயிக் கேட்டுட்டு வாங்க" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறாள். எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். யாரிடம் கேட்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு தடவை கம்பத்துக்குப் போனாளாம். சின்னத்தாய் இருக்கும் தெருவைக்கூட விசாரித்துத் தெரிந்துகொண்டாளாம். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் மலையேறிவிட்டாள். ஏன் என்று நான் கேட்டேன். அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவ எழுந்துபோனாள்.

கதைக்கு இனி ஒரு முடிவு வேண்டும். என்னால் ஆனவை:

மதலேனம்மாள் அந்தத் தெருவுக்குப் போகிறாள், சின்னத்தாய் கதவைத் திறக்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு — (வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பியவளை நான் எதற்குத் தெருவுக்குள் இழுக்க வேண்டும்?)

புது மானேஜர் வருகிறார். டெம்பரரி ஆட்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுகிறார். (மலை ஏறிப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்: சின்னத்தாய் இருந்த அறையில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறது.)

கம்பத்து வயல்களில் கூலிக்காரப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சின்னத்தாய் ஒரு சங்கம் ஆரம்பிக்கிறாள். எந்த முகாமுக்கும் போகாமல், அந்த வாயை மட்டும் வைத்துக்கொண்டு. இதை எழுத எனக்குக் கொள்ளை ஆசை. பாதி எழுதியும் விட்டேன். வயல் வரப்பில் அவளை நிற்க வைத்து, கையை உயர்த்த வைத்து, அவள் என்ன சொல்கிறாள் என்றால் —

இங்கே நிறுத்திவிட்டேன். அவளுக்கு எது நல்லது என்று அவளைக் கேட்காமலே மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கிற இன்னொரு ஆளாக நானும் ஆகிக்கொண்டிருக்கிறேன்.

வாசிக்கிறவர்களில் யாராவது கம்பம் பக்கம் போகிறவராக இருந்தால், அவள் வீட்டுக் கதவைத் தட்டி, கதை எப்படி முடிய வேண்டும் என்று கேளுங்கள். ஏதாவது சொன்னால் அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மௌனத்தை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை அவளுக்கு யாரும் பயிற்றுவிக்கவில்லை.